நடு ஆற்றில் நின்ற கதை

"அவன் எழுதறது எழுத்தே இல்ல, குருவே! பாதிக் கோடுகளை முழுங்கிடறான்" என்று வந்ததும் வராததுமாகக் குமுறினான் ஷின்யுவான்.

மலை மடத்தின் பின்கட்டில் குரு வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு, ஹுய்மிங்கா?"

"அவனேதான். சீன எழுத்துன்னா ஒரு கோடு குறையாம பழைய எழுத்துதான். இவன் சுருக்கின புது எழுத்துல கிறுக்கறான். கேட்டா, அப்பதான் எல்லாரும் படிப்பாங்களாம்."

மடத்துச் சீடர்களான அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதியது, மடத்தில் அடைக்கலமாக இருந்த லின் என்ற கிழவியின் கதையை. ஒருநாள் இவன், மறுநாள் அவன். கிழவிக்குக் கண் தெரியாது. வெளியூரில் இருந்த மகளிடம் இத்தனை காலமாக வாய்விட்டுச் சொல்ல முடியாததை எழுத்திலாவது சொல்லிவிட நினைத்தாள், பாவம்.

முன்பு எழுதியதைப் படித்துக் காட்டினால்தான் கிழவி மேலே சொல்வாள். இந்த இரண்டு மேதாவிகளும் உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, மற்றவன் எழுதியதை அடித்துவிட்டுத் தன் எழுத்தில் மாற்றி எழுதுவது. அது முடிவதற்குள் கிழவி களைத்துத் தூங்கிப்போவாள்.

"எந்த எழுத்து சரின்னு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க, குருவே."

"கதை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"வெள்ளம் வந்த அன்னிக்கு, மகளைத் தோள்லயும் கைக்குழந்தைப் பையனை இடுப்புலயும் வெச்சுக்கிட்டு நடு ஆத்துல நிக்கிறா."

"எப்போ சொன்னா அதை?"

"போன மாசம்."

"அப்புறம்?"

ஷின்யுவான் தயங்கினான். "அதைத்தான் மாத்தி மாத்தி எழுதிட்டிருக்கோம்."

குரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துணியை உதறி விரித்தார். ஆள் நீளம் இருந்தது.



"யாருக்கு இது, குருவே?"

"கிழவி காலையில போயிட்டா. உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். உங்க சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இப்போ என்ன செய்யட்டும்?"

"சேதி கேட்டு மகள் வந்து வாசல்ல நிக்கிறா. தம்பி கரை சேர்ந்தானான்னு கேக்கிறா. போய்ச் சொல்லு."