சந்தனம் வைக்கும் கதவு

ஆட்களே கணினியில் கட்டிக்கொண்ட மாய உலகம் அது. அங்கே ஒரு தீவின் சொந்தக்காரர் தண்டபாணி. "மகாராஜா" என்று கூப்பிடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் கோட்டைக் கதவு, வந்தவர் பெயரையெல்லாம் ஞாபகம் வைத்து வரவேற்கும். கதவின் ஸ்கிரிப்டுக்கு மெமரி கொஞ்சம்தான். பெயர்கள் நிரம்பியதும் கதவு வேலை செய்யாமல் நின்றே போனது.

"வந்த ஒருத்தரையும் அது மறக்கக்கூடாது. மறந்தா இங்க இருக்கிற உன் வீட்டை இடிச்சிடுவேன்," என்றார் தண்டபாணி, கதவைச் செய்த செண்பகவல்லியிடம்.

"சரிங்க மகாராஜா."

கதவின் ஞாபகத்தில் இருந்தவர்கள் நெற்றியிலெல்லாம் சந்தனம் வைத்துவிட்டு, பெயர்களையெல்லாம் அழித்தாள். இனி உள்ளே வருகிறவர் நெற்றியில் கதவே சந்தனம் வைக்கும்படி மாற்றினாள். சந்தனத்தோடு வந்தால் பழைய ஆள், இல்லாவிட்டால் புது ஆள். கதவுக்கு இனி ஞாபகச் சுமையே இல்லை.

சோதிக்க மகாராஜாவே வந்தார். எப்போதும் ஒரே சொடுக்கில் நேரே சிம்மாசனத்தில் குதிப்பவர், வாசல் வழியாக வந்ததே கிடையாது.

"வாங்க, ஊருக்குப் புதுசா?" என்றது கதவு.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மறக்கலைங்க மகாராஜா. உங்களை அது இப்பத்தான் பார்க்குது," என்றாள் செண்பகவல்லி.

மகாராஜா குனிந்து நெற்றியைக் காட்டினார். கதவு சந்தனம் வைத்தது. செண்பகவல்லியின் வீடு பிழைத்தது.