காது கொடுக்கும் முதலாளி

கோவையில் பம்புசெட் கம்பெனி நடத்தும் சென்னியப்பனுக்குத் திடீரென்று தலைமைப் பண்பு தேவைப்பட்டது. ஊட்டியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், சான்றிதழும் சளியுமாகத் திரும்பினார்.

வந்ததும் ஆட்களைக் கூட்டினார். "இனிமே நான் எல்லார் பேச்சையும் பொறுமையாக் காது கொடுத்துக் கேட்கிற தலைவன். எங்கிட்ட ஒரு குறையும் கிடையாது" என்றார்.

பேக்கிங் பிரிவுப் பூவாத்தாள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறியா? என் குறை ஒண்ணைச் சொல்லு. சொன்னாப் பத்தாது, இங்கேயே நிரூபிக்கணும். இல்லைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

பூவாத்தாள் எழுந்தாள். "அதுங்க, நாங்க வாயைத் தொறந்தா..."

"சத்தமாப் பேசு! எப்படிப் பேசணும்னு ஊட்டியில சொன்னாங்க..." கால் மணி நேரம் விளக்கினார்.

"சரிங்க. நாங்க ஒண்ணு சொல்ல வந்தா..."

"சுருக்கமாச் சொல்லு! சுருக்கம்னா என்ன தெரியுமா?" சுருக்கத்தைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

பூவாத்தாள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் உட்கார்ந்துட்டே? நிரூபி!"

"நிரூபிச்சாச்சுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளிக்கு மட்டும் புரியவில்லை. "என்ன குறைன்னு யாராவது சொல்லித் தொலைங்கப்பா!" என்று கத்தினார்.

மேனேஜர் வாயைத் திறந்தார்.

"நீங்க இருங்க, நானே சொல்றேன்" என்றார் முதலாளி.