கசக்காத கீழாநெல்லி

இது நான் நேரில் கண்டதல்ல. கோவில்பட்டியில் அந்தத் தெருவிலேயே குடியிருந்த ஒருவர் சொல்லக் கேட்டது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வள்ளிமயில் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுபவர். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் இலக்கியா, பிளஸ் ஒன். ஆடி மாதத்திலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. குளிப்பதில்லை, தலை வாருவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். இது மனச்சோர்வு, மாத்திரையை விடாமல் கொடுங்கள், யாரிடமாவது மனம்விட்டுப் பேசவையுங்கள் என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸிலேயே வள்ளிமயில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தெருவில் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிடலாம். எத்தனை நாள் படுத்திருந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

"யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணு. நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன சொல்வாங்க?"

மகள் அம்மாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்றோடு அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி.

செய்தி கேட்டு எதிர்வீட்டு ஜெபமணி வந்தார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்று பத்தியம் சொன்னார். மறுநாள் காலையிலிருந்து கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அவரே கொண்டுவரவும் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்ல வள்ளிமயிலுக்கு வழியில்லை. ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத பெண்ணுக்கு உப்பில்லாத கஞ்சியை ஊற்றினார்.

முதல் மூன்று நாள் இலக்கியா குமட்டிக் குமட்டிக் குடித்தாள். நான்காம் நாளிலிருந்து முகம் சுளிக்கவில்லை. டம்ளரைக் கொடுத்ததும் போய்விடும் ஜெபமணி, அன்றிலிருந்து வள்ளிமயில் வேலைக்குக் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருந்தார். பிள்ளை கசப்புக்குப் பழகிவிட்டது என்று வள்ளிமயில் நினைத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

பதினாறாம் நாள் கம்பெனிக்கு விடுமுறை. மகள் பாதி டம்ளரை மீதி வைத்துவிட்டாள். வீணாக்க மனமில்லாமல் வள்ளிமயில் அதைக் குடித்தார். கசக்கவில்லை. இஞ்சியும் உப்பும் போட்ட வெறும் மோர். பச்சை நிறத்துக்காகக் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் அரைத்து விட்டிருந்தது.

காமாலை இல்லை என்று ஜெபமணிக்குத் தெரிந்திருக்கிறது; மகள்தான் சொல்லியிருக்க வேண்டும். சத்தியத்தை மீறிவிட்டாளே என்ற கோபத்தோடு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்க்கா?"

"மூணாம் நாள் நீ வேலைக்குப் போனதும் அவளே இங்க எந்திரிச்சு வந்து சொல்லிட்டா."

"பிறகு எதுக்குத் தினமும் இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நிறுத்த வேண்டாம்னு அவதான் சொன்னா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நீ வெளிய தலைகாட்ட மாட்டியாம். அம்மா பாவம்னா." ஜெபமணி டம்ளரை வாங்கிக்கொண்டார். "நீயும் நான் சொன்ன பத்தியத்தை ஒரு நாள் தவறாம நடத்துற. பிள்ளை உடம்புல உப்பாவது சேரட்டும்னுதான் மோர்ல போட்டேன்."

வள்ளிமயிலுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூவருமே பொய் சொன்னார்கள். அம்மா, மகளின் வருங்காலத்துக்கு என்று சொன்னார். மகள் சத்தியத்தை மீறினாள், மீறியதை அம்மாவிடம் மறைத்தாள். ஜெபமணி எல்லாம் தெரிந்துகொண்டே பச்சை மோரைக் கொண்டுவந்தார். இதில் யார் செய்தது சரி?

என் விடை ஜெபமணி. மகள் என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. ஆனால் அப்படிச் சொன்னால், தலை வாரக்கூட முடியாத ஒரு பெண் தன் அம்மாவின் மானத்துக்குக் காவல் இருந்தது நியாயம் என்றாகிவிடும். மகளுக்காக மறைத்ததாக அம்மா நினைத்தார். மறைக்கச் சொல்லி மகள் கேட்கவே இல்லை. ஜெபமணி ஒருவர்தான் அவள் பேசியதைக் கேட்டார், அவள் கேட்டதைச் செய்தார்.

அன்று மாலையே தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுது பேசிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. பிறகு விசாரித்தேன். அப்படி நடக்கவில்லை. வள்ளிமயில் மகளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்; அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அம்மாவிடம் வாய் திறக்க மேலும் இருபத்தாறு நாள் ஆனது.