நீர்மோர்ச் சபையின் வரலாறு

செம்பொன்பட்டணத்தை ஆண்ட கனகசேகர ராஜா நல்லவர். பஞ்சம் வந்தால் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். வழக்கு வந்தால் இரண்டு பக்கமும் கேட்பார். ஒரே ஒரு குறை. மதியச் சாப்பாடு முடிந்ததும், தாமே இயற்றிய கீர்த்தனைகளைத் தாமே பாடுவார். பாடி முடியும்வரை அரசவையில் யாரும் எழுந்திருக்கக் கூடாது, நோய் வந்தவர் மட்டும் போகலாம் என்று சட்டமும் போட்டிருந்தார்.

அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவர் கூத்தபிரான். அவர் அரசவை விகடகவி, வாயை வைத்துப் பிழைக்கிறவர். காய்ச்சல் என்றால் வைத்தியர் நாடி பிடிப்பார். வயிற்றுவலி என்றால் விளக்கெண்ணெயை ஊற்றிவிடுவார். பல்வலிக்கு மட்டும் யாரும் சாட்சி கேட்க முடியாது. ஒரு சித்திரை மாதம், பல்லவிக்கு நடுவே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நழுவினார். மறுநாள் இன்னும் மூன்று பேருக்குப் பல் வலித்தது.

நால்வரும் தேரடிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த வண்டிப்பேட்டையில் கூடினார்கள். ஆளுக்கொரு சொம்பு நீர்மோர் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதிக்கு ஈடாக எதையும் கொடுக்கலாம் போலிருந்தது. நீர்மோர்ச் சபை பிறந்தது இப்படித்தான். ஏழு வருஷத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். புதிதாக ஒருவர் வர வேண்டுமானால், பன்னிரண்டு பேரும் ஒரு குடத்தில் சோழியோ புளியங்கொட்டையோ போட வேண்டும். ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் அவருக்கு இடமில்லை.

ஊர்வாயை மூட முடியுமா? விஷயம் ராஜாவின் காதுக்கும் எட்டியது.

"நம் ஊரில் நமக்குத் தெரியாமல் ஒரு சபையா? நம்மையும் சேர்த்துக்கொள்ளும்" என்றார் கூத்தபிரானிடம்.

குடத்தைக் கவிழ்த்தார்கள். பன்னிரண்டும் புளியங்கொட்டை.

ராஜாவுக்கு மீசை துடித்தது. "ஓய் கூத்தபிரான், உங்கள் சபை எந்த நாளில், யாரால், எதற்காகத் தொடங்கியது என்று ஓலையில் எழுதிக் கொண்டுவாரும். அதில் ஒரு பொய் இருந்தால் உமது தலை போகும். நம்மைக் குறை சொல்லும் ஒரு வார்த்தை இருந்தாலும் போகும். ஓலையே வராவிட்டால், பேட்டையை இடித்து அங்கே யானை கட்டுவோம்."

கூத்தபிரான் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்தார். உண்மையை எழுதினால் ராஜாவுக்குக் குறை. குறையில்லாமல் எழுதினால் பொய். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். உள்ளதைச் சொல்வதானால், தலை போவதைவிட அந்த மோரும் அமைதியும் போய்விடுமே என்றுதான் அவருக்கு அதிக வருத்தம்.

மூன்றாம் நாள் போய் வணங்கினார். "ஓலை தயார், மகாராஜா. ஆனால் எங்கள் வரலாற்றை எங்கள் பேட்டையில்தான் வாசிக்க வேண்டும். தாங்கள் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்."

ராஜா வந்தார். மோர் கொடுத்தார்கள்.

"முதலில் எங்களில் ஒருவரான சேனாபதி மழவராயர் தாம் இயற்றிய பாட்டு ஒன்றைப் பாடுவார். மகாராஜாவின் சட்டம் இங்கும் உண்டு" என்றார் கூத்தபிரான்.

"நல்ல வழக்கம்" என்று ராஜா மகிழ்ந்து சாய்ந்துகொண்டார்.

மழவராயருடையது போர்க்களத்தில் யானைகளைத் திரும்பி ஓட வைத்த குரல். பாட்டு அவருடைய குதிரையைப் பற்றியது. தலையில் தொடங்கி வாலுக்கு வர இரண்டு நாழிகை ஆயிற்று. ராஜா நெளிந்தார். தலைப்பாகையைக் காதுவரை இறக்கினார். வாலுக்கு வந்த பாட்டு மறுபடியும் தலைக்குத் திரும்பியது. ராஜா எழுந்திருக்கப் பார்த்தார்.

"சட்டம், மகாராஜா" என்றார் கூத்தபிரான் மெதுவாக.

ராஜா அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு மெல்லக் கன்னத்தில் கையை வைத்தார். "கூத்தபிரான், நமக்குத் திடீரென்று பல் வலிக்கிறது."

பாட்டு நின்றது. கூத்தபிரான் ஓலையையும் எழுத்தாணியையும் நீட்டினார். அதில் நாள் இருந்தது, நால்வர் பெயர் இருந்தது. 'காரணம்' என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

"அதை மகாராஜாவே நிரப்பிவிடலாம். இப்போது சொன்னீர்களே, அதேதான்."

ராஜா பன்னிரண்டு முகங்களையும் பார்த்தார். ஏழு வருஷத்துப் பல்வலிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முகம் சிவந்தது.

"அப்படியானால் நம்முடைய பாட்டு..."

"பாட்டைப் பற்றி ஓலையில் ஒரு வார்த்தையும் இல்லை, மகாராஜா."

"பல்வலி என்பது பொய்யல்லவா? பொய்க்குத் தலை போகும் என்றோமே."

கூத்தபிரான் கைகட்டி நின்றார். "எங்களுக்கு வந்தது பொய்யென்றால், சற்று முன்னால் மகாராஜாவுக்கு வந்தது?"

ராஜா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரித்தார். சொம்பிலிருந்த மோர் சிந்தச் சிந்தச் சிரித்தார். தம் கையாலேயே காரணத்தை எழுதி, முத்திரையும் வைத்தார். சபைக்கு இரண்டு கறவை எருமைகளைக் கொடுத்தார். குடத்தை மறுபடி கவிழ்த்தபோது பன்னிரண்டும் சோழியாக விழுந்தன.

மறுநாள் மதியம் அரண்மனையில் தம்பூரா வந்தது. எல்லோரும் கன்னத்தைப் பிடிக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் தம்பூராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர் மழவராயர். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அவர் தொண்டையைச் செருமியதும் கூத்தபிரான் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் சிம்மாசனம் காலி.

மூச்சு வாங்கப் பேட்டைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், ராஜா இரண்டாவது சொம்பு மோரில் இருந்தார்.

"ஓய்," என்றார் ஆற்றாமையோடு, "இத்தனை வருஷமாக இந்த வலியை நமக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டீரே!"