பெரணி இலையில் துரு

சோலைக்காட்டு ஓடையோரம், வெயில் எட்டாத பாறையடியில் பெரணிச் செடிகள் அடர்ந்து நின்றன. அது ஒரு தவளை வளர்த்த தோட்டம். தவளை சருகுகளை இழுத்து வந்து வேரடியில் பரப்பும். குருத்தின் மேல் விழுந்த சருகை மட்டும் தள்ளிவிடும். அந்த வருட மழைக்காலத்தில், பெரிய பெரணியின் கீழே, ஈரச் சருகுக்குள் இருபது முட்டைகள் இட்டிருந்தது. நிழல் போனால் சருகு காயும்; சருகு காய்ந்தால் முட்டையும் காயும்.

அப்போதுதான் மலையணில் காடு திரும்பியது. மூன்று வருடம் காப்பித் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்த அணில் அது. "எங்கள் தோட்டத்திலே..." என்று தொடங்காமல் அதற்குப் பேச வராது.

வந்த அன்றே ஒரு பெரணி இலையைப் புரட்டிப் பார்த்து அலறியது.

"ஐயோ, துரு நோய்! இலைக்கு அடியிலே பழுப்புப் புள்ளி! எங்கள் தோட்டத்திலே இப்படி வந்தால் இலையைக் கிள்ளி எரித்துவிடுவார்கள்!"

"நாலு ஊர் பார்த்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!" என்றது பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த முயல்.

இரண்டும் இலைகளைக் கிள்ளி ஓடையில் வீசத் தொடங்கின. மதியத்துக்குள் பாதித் தோட்டம் மொட்டை. பாறைப்பாசி மேல் முதல்முறையாக வெயில் விழுந்தது.

அணில் பெரிய பெரணியிடம் வந்தபோது தவளை தாவி அதன் தண்டில் ஒட்டிக்கொண்டது.

"தம்பி, இதைத் தொடாதே! கீழே என் பிள்ளைகள் இருக்கிறார்கள்!"

"அக்கா, இது பரவும் நோய்! உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

"சரி. ஒன்று கேட்கிறேன். புள்ளி வந்த காப்பி இலை என்ன ஆகும்?"

"மஞ்சளாகி உதிரும்!"

"இதன் புள்ளிகளைப் பார். சட்டைப் பொத்தான் மாதிரி இரண்டு வரிசை. எந்த நோயாவது இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்குமா? ஏழு நாள் பொறு. ஓர் இலை மஞ்சளானாலும் நானே பிடுங்கித் தருகிறேன்."

அணில் காதைச் சொறிந்தது. "ஏழே நாள்தான்!"

தினமும் காலையில் வந்து இலையைப் புரட்டிப் பார்த்தது. மஞ்சளையே காணோம். ஏழாம் நாள் காற்று வீசியது. புள்ளிகள் வெடித்து, பழுப்புத் தூள் தவளையின் முதுகெல்லாம் கொட்டியது.

"போச்சு! அக்காவுக்கும் துரு பிடித்துவிட்டது!" என்று அணில் மரமேறியது.

தவளை ஓடையில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தது. "துரு போயிற்று, இறங்கி வா!"

இலையோ பச்சையாகவே இருந்தது. அணில் இறங்கி வந்து, அதைக் கிள்ளாமல் விட்டுப் போயிற்று.

சில நாளில் சருகுக்குள்ளிருந்து, தலைப்பிரட்டையாக நீந்தாமலே, முட்டையிலிருந்து நேராக நகக்கண் அளவு தவளைக் குஞ்சுகள் குதித்து வந்தன. தவளை எண்ணிப் பார்த்தது. இருபதும் இருந்தன.

அடுத்த மழைக்காலத்தில், அந்தத் தூள் விழுந்த ஈரப்பாறை முழுவதும் இதய வடிவில் குட்டிக் குட்டிப் பச்சைகள் ஒட்டியிருந்தன. அவற்றிலிருந்து சுருண்ட குருத்துகள் தலைநீட்டின.

தவளை கூப்பிட்டது: "அணிலே! உன் நோய் பிள்ளை பெற்றிருக்கிறது, வந்து பார்!"

அணில் குனிந்து வெகுநேரம் பார்த்தது. "அட! அந்தத் தூள்தான் பெரணிக்கு விதை மாதிரியா அக்கா? பாதி விதையை நானே ஓடையில் வீசிவிட்டேனே!"

பிறகு புள்ளி முற்றிய ஓர் இலையைத் தவளையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, தான் மொட்டையடித்த இடமெல்லாம் உதறியது. அதன்மேல் சருகை அள்ளிக் குவித்தது.

"முளைக்கு மூச்சு முட்டும்டா! மெல்லியதாகப் போடு!" என்றது தவளை.

"எங்கள் தோட்டத்திலே..." என்று தொடங்கிய அணில், வாயை மூடிக்கொண்டு சருகைக் குறைத்தது. தவளைக் குஞ்சுகள் சிரித்தன. அணிலும் சிரித்துவிட்டது.

ஓரிடத்தில் கற்ற பாடம் எவ்வளவு உண்மையானாலும், புது இடத்தைப் பொறுத்திருந்து பார்த்த பிறகே அதை அங்கே நடத்த வேண்டும்.