காதடி வாத்தியார்

காட்டோரத்து மூங்கில் பட்டியில் குறுங்காதன் என்ற காட்டுப்பன்றி அடைபட்டுக் கிடந்தது. பெயர் பிறப்பில் வந்ததன்று. வேட்டைக்காரன் சடையன் தன் நாய்களைப் பன்றி பிடிக்கப் பழக்கியது அந்தப் பட்டியில்தான். காலைதோறும் "பிடி!" என்பான். நாய்கள் பாயும். "விடு!" என்பான். அதற்குள் காதில் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நாய்களில் செவலை பெரிய முரடு. வால், தொடை என்று வாய்க்கு அகப்பட்டதைக் கடிக்கும். ஒருநாள் வலி பொறுக்காமல் பன்றி கத்தியது.

"அட மடப்பயலே! தொடையைக் கடித்தால் எந்தப் பன்றியடா நிற்கும்? திரும்பி உன் குடலை உருவிவிடும்!"

"பின்னே எதைக் கடிப்பது?"

குறுங்காதன் யோசித்தது. இடத்தைச் சொல்லிவிட்டால் ஒரே பிடியோடு போகும், உடம்பெல்லாம் கிழிபடாது.

"பின்பக்கமாக வா. காதடியைப் பிடி. அங்கே பிடித்தால் எங்கள் கழுத்து திரும்பாது. மெல்லப் பிடியடா, நான் ஓடமாட்டேன்!"

செவலை பிடித்தது. பன்றி அசையவில்லை. சடையன் மகிழ்ந்து ஒரு மரவள்ளிக்கிழங்கை எறிந்தான்.

அன்றுமுதல் நாய்கள் அதை "வாத்தியாரே!" என்று அழைத்தன. பட்டம் கசக்கும் பிராணி உலகில் உண்டா? "தாவுவது வேறு, பாய்வது வேறு! மறுபடி செய்!" என்று பன்றி அதட்டவும் தொடங்கியது.

கிழங்கு முற்றும் காலத்தில் நாய்கள் காட்டுக்குப் போயின. மதியம் சடையன் ஒரு பெண்பன்றியைக் கட்டி இழுத்துவந்து பட்டி வாசலில் போட்டான். குறுங்காதனின் அக்கா! உடம்பில் ஒரு கீறல் இல்லை. காதடியில் மட்டும் பல்தடம்.

"தம்பி, எத்தனை நாய்களை விரட்டியவள் நான்! இந்த இடம் இவற்றுக்கு எப்படித் தெரிந்தது?"

செவலை வாலை ஆட்டியது. "எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்!"

"சொல்லிக்கொடுத்தானா? நம் காட்டில் அதற்குக் காட்டிக்கொடுத்தல் என்று பேர்."

"இரண்டும் வேறு வேறு சொல், அக்கா!" என்றது குறுங்காதன்.

"வேறுதான். என் குட்டிகள் எங்கே என்று கேள். வித்தியாசம் உனக்கே விளங்கும்."

குறுங்காதன் கேட்கவில்லை.

மறுநாள் சடையன் நாய்களைப் பார்த்தான். இனிப் பழக்க எதுவும் இல்லை. பன்றிக்குத் தீனி எதற்கு? கத்தியோடு பட்டிக்குள் வந்து "பிடி!" என்றான்.

செவலை பின்பக்கமாக வந்தது. காதடியில் பதமாகப் பிடித்தது. ஒரு பிழை இல்லை.

"வாத்தியாரே, சரியாகப் பிடித்திருக்கிறேனா?"

பதில் சொல்லக் குறுங்காதனுக்குக் கழுத்து திரும்பவில்லை.

தன் வலி குறைய வேண்டித் தன் இனத்தின் உயிர்நிலையைப் பகைவனுக்குச் சொல்பவனுக்கு வாத்தியார் பட்டம் கிடைக்கும், உயிர் கிடைக்காது.