இறக்கத்துக்கு எந்த வண்டி?

மலையடிவாரத்தில் ஒரு மடம். மேலே ஏரியைச் சுற்றிச் சுற்றுலா வந்தவர்களைச் சுமந்துவிட்டு, வயதானதும் சாலையில் விடப்பட்ட மட்டக்குதிரைகளை அங்கே கொண்டுவந்து பார்த்துக்கொண்டார்கள். ஊரில் அதைக் குதிரை மடம் என்றுதான் சொல்வார்கள்.

மடத்தின் தலைவி வேதவல்லி அம்மையார். ஐம்பதைத் தொடாதவர். அதிகம் பேசமாட்டார். அவருடைய சீடர்களில் கோதண்டபாணி அவரைவிட மூத்தவர். அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையிலிருந்து இறங்கினாரே தவிர, பரிசோதனையை நிறுத்தவில்லை. பால்காரர் ஊற்றும்போது குனிந்து பார்ப்பார். தியானத்தில் எல்லோரும் கண் மூடியிருக்கும்போது, உண்மையிலேயே மூடியிருக்கிறார்களா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

அந்தக் கோடையில், குதிரைகளை ஏற்றிவரும் தகரப் பெட்டியை இழுத்துவந்த பழைய பெட்ரோல் ஜீப் படுத்துவிட்டது. மேலே எஸ்டேட் வைத்திருந்த ஒருவர், தன்னிடம் சும்மா நிற்கும் இரண்டு பிக்கப் வண்டிகளில் ஒன்றை மடத்துக்குத் தருவதாகச் சொன்னார். ஒன்று டீசல், மற்றது பெட்ரோல். எது தோதுப்படுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

"நீங்களே விசாரிச்சு முடிவு பண்ணுங்க" என்று வேதவல்லி கோதண்டபாணியிடம் சொல்லிவிட்டார்.

கோதண்டபாணிக்கு முதல் சந்தேகம் எஸ்டேட்காரர் மேலேயே வந்தது. சும்மா தருகிறார் என்றால் எதற்கு? இரண்டு வண்டிகளின் அடியிலும் படுத்துப் பார்த்தார். குறை ஒன்றும் தென்படவில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு விசாரிக்கத் தொடங்கினார். மெக்கானிக்கைக் கேட்டார். டிராக்டர் வைத்திருப்பவரைக் கேட்டார். பேருந்துப் பணிமனையில் பழைய நண்பர்களைக் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"இழுவைன்னா டீசல்தான். பாரத்தோட மேடேறினாலும் அசராது."

எஸ்டேட் டிரைவர் தினகரனும் அதையே சொன்னான். மாற்றிச் சொன்னது ஒரே ஆள். மடத்து டிரைவர் யாகப்பன்.

"பெட்ரோல் எடுங்க சார்."

"ஏன், உனக்கு அதுல என்ன?"

"நமக்கு அதுதான் சரிப்படும்."

அவ்வளவுதான். யாகப்பன் புல் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கோதண்டபாணி அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரே ஒன்று சொல்லும்போது இவன் மட்டும் ஏன் வேறு சொல்கிறான்? அன்றிலிருந்து யாகப்பனைக் கவனிக்க ஆரம்பித்தார். அவன் தினகரனோடு வேலியோரம் நின்று பேசுவதைப் பார்த்தார். இவர் கிட்டே போனதும் பேச்சு நின்றது. ஒரு மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவனுடைய பைக்கின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருந்தது. முகர்ந்தார். பெட்ரோல் வாடை.

நேரே வேதவல்லியிடம் போனார். அவர் ஒரு குதிரையின் குளம்பில் சிக்கிய கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவன் பெட்ரோல் வண்டி கேக்கறதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. டீசல் வண்டின்னா அவன் பைக்குக்கு உறிஞ்ச முடியாது. இத்தனை நாளா ஜீப்புல உறிஞ்சிருக்கான்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"திருடன்கிட்ட கேட்டா ஆமான்னா சொல்வான்?"

வேதவல்லி கல்லை எடுத்துத் தூர எறிந்தார்.

"அப்போ எந்த வண்டின்னு முடிவு பண்ணிட்டீங்க?"

"டீசல்தான்."

"சரி. மேல படகுத்துறைக்குப் பின்னால ஒரு வெள்ளைக் குதிரை நிக்குதாம். கண்ணு தெரியலையாம். அதைக் கூட்டிட்டு வந்துடலாம். ரெண்டு வண்டியும் வரட்டும்."

மறுநாள் காலையில் தினகரன் டீசல் வண்டியில் வந்து பெட்டியைக் கோத்துக்கொண்டான். வளைவுக்கு வளைவு அது மூச்சு வாங்காமல் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோதண்டபாணி கண்ணாடியில் பார்த்தார். பின்னால் வேதவல்லியை ஏற்றிக்கொண்டு யாகப்பன் ஓட்டிவந்த பெட்ரோல் வண்டி, பெட்டியும் இல்லாமல், செங்குத்தான இடங்களில் முனகிக்கொண்டு பின்தங்கியது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு சாவிகளையும் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிரைவர்கள் டீ குடிக்கப் போகிறோம் என்று எங்கே போவார்கள், யார் கண்டது?

குதிரை எலும்பும் தோலுமாக இருந்தது. ஒரு கண் முழுக்க வெளுத்திருந்தது. மற்றதில் ஏதோ நிழல் தெரியும்போல. அதைப் பெட்டிக்குள் ஏற்றுவதற்குள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. வேதவல்லி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தவரை நின்றது. அவர் இறங்கியதும் தகரத்தை உதைத்து, முன்னங்கால் மடிந்து விழப்பார்த்தது.

வேதவல்லி மறுபடி ஏறிக்கொண்டார்.

"தனியா நின்னா விழுந்துடும். நான் கூட நிக்கறேன்."

"அம்மா, பெட்டியில ஆள் ஏறக்கூடாது. ஏதாவது ஆச்சுன்னா..."

"எந்த வண்டியில கோக்கணும், யார் ஓட்டணும்னு நீங்க பார்த்துக்கங்க."

உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கோதண்டபாணி சாலைப் பக்கம் திரும்பினார். கீழே மலைச்சாலை வளைந்து வளைந்து மரங்களுக்குள் மறைந்திருந்தது. இத்தனை நாளும் அவர் ஏற்றத்தைப் பற்றித்தான் விசாரித்திருந்தார். இறங்குவதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒண்ணும் ஆகாது சார், நான் பாத்துக்கறேன்" என்றான் தினகரன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

யாகப்பனைத் தேடினார். அவன் பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே குந்தி, கொக்கியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாகப்பா, இங்க வா."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"பெட்ரோல்னு ஏன் சொன்னே?"

"ஏறுறதுக்கு டீசல்தான் சார். அதுல பேச்சே இல்ல. ஆனா நாம ஏறும்போது பெட்டி காலி. இறங்கும்போதுதான் பாரம். தினகரன்கிட்டச் சொல்லி ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். இந்த டீசல் வண்டி இறக்கத்துல கியர்ல நிக்க மாட்டேங்குது, முன்னால ஓடுது. வழி பூரா பிரேக்கை மிதிக்கணும். சூடேறிட்டா பிரேக் பிடிக்காது. அந்த பெட்ரோல் வண்டி சின்ன கியர்ல போட்டா இழுத்துப் பிடிச்சுக்கும். சத்தமும் கம்மி. கண்ணு தெரியாத குதிரை சத்தத்துக்கே மிரளும்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"அன்னைக்கு நீங்க காரணமா கேட்டீங்க? டிக்கெட்தானே கேட்டீங்க."

கோதண்டபாணி அவன் கண்ணைப் பார்த்தார். டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். இவன் திரும்பவில்லை.

"உன் பைக்குல ஒரு குழாய் இருக்கு."

பெட்டிக்குள் குதிரை செருமியது.

"ஆமா சார். ஜீப்புலேர்ந்து எடுத்திருக்கேன். நாலஞ்சு தடவை. பெட்ரோல் வண்டி வந்தா எனக்கும் ஆகும்னு மனசுல இருந்துச்சு. இல்லைன்னு சொல்லமாட்டேன்."

கோதண்டபாணி சட்டைப்பைக்குள் கையை விட்டார். இரண்டு சாவிகளும் விரலில் தட்டுப்பட்டன. எத்தனையோ பேரை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். பிடித்ததும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவும். இன்று பரவவில்லை. அவர் தினகரனைப் பார்த்தார், பெட்டியின் தகரச் சுவரைப் பார்த்தார்.

பெட்ரோல் வண்டியின் சாவியை எடுத்து யாகப்பனிடம் நீட்டினார்.

"நான் முன்னால உக்காந்து பாத்துட்டே வருவேன்" என்றார்.

"பாருங்க சார்."

பெட்டியை மாற்றிக் கோத்தார்கள். யாகப்பன் இரண்டாவது கியரில் போட்டான். எஞ்சின் சீராக இரைந்தது. வண்டி மட்டும் நடந்து போவதுபோல் இறங்கியது. கோதண்டபாணி சாலையைப் பார்க்கவில்லை. யாகப்பனின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விலகியது. பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போதெல்லாம் அவருடைய முதுகில் யாரோ கைவைத்ததுபோல் இருந்தது.

பாதி வழியில் ஒரு வளைவில் சுற்றுலாப் பேருந்து முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. யாகப்பன் வண்டியை ஓரமாக ஒதுக்கி ஓட்டினான். இடதுபக்கச் சக்கரம் சரளைக்கல்லில் கரகரத்தது. அதற்குக் கீழே பள்ளம். பெட்டிக்குள் குதிரை ஓங்கி உதைத்தது. ஒரு முறை, மறுமுறை. அப்புறம் சத்தமே இல்லை.

"நிறுத்து! அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு."

"இங்க நிறுத்தினா பெட்டி நம்மளத் தள்ளிடும் சார்."

"நிறுத்துடா!"

யாகப்பன் நிறுத்தவில்லை. வளைவைத் தாண்டி, தரை சமமான இடத்தில்தான் நின்றான். கோதண்டபாணி குதித்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

"இருக்கேன், போங்க" என்றது உள்ளேயிருந்து குரல்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மீதி வழியில் அவர் யாகப்பனின் காலைப் பார்க்கவில்லை.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வேதவல்லி தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கினார். தோளில் குதிரையின் எச்சில் வழிந்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. குதிரை தயங்கித் தயங்கி இறங்கி, தரையை முகர்ந்து பார்த்தது. யாகப்பன் அதைக் கொட்டகைக்கு நடத்திப் போனான்.

கோதண்டபாணி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேதவல்லி முழங்கையைக் கழுவினார்.

"அம்மா, பெட்ரோல் வண்டியையே வச்சுக்கலாம்."

"சரி."

"ஆனா அவன் எடுத்தது உண்மைதான். அவனே சொல்லிட்டான்."

"தெரியும். என்கிட்ட போன மாசமே சொன்னார்."

கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சும் எந்த நம்பிக்கையில அந்தப் பெட்டிக்குள்ள ஏறினீங்க?"

வேதவல்லி தலையிலிருந்த வைக்கோல் ஒன்றை எடுத்துக் கீழே போட்டார்.

"நான் ஏறும்போது ரெண்டு சாவியும் உங்க பையிலதானே இருந்தது."